பெரிய வாரமும் தமிழ் வழக்கும்

தமிழகத்துக் கத்தோலிக்க ஊர்களிலும், ஈழத்தின் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளிலுள்ள கத்தோலிக்க ஊர்களிலும் மாசி, பங்குனித் திங்கள்களில் மட்டும் மிகுதியாகக் காதில் விழும் சொற்கள் சில உண்டு. ஒருசந்தி, சுத்தபோசனம், ஸ்தலம், முத்தி, தூம்பா, பசாம், பாஸ்கு என்பன அவற்றுட் சில. இவற்றுட் சில பழந்தமிழ்ச் சொற்கள், சில வடசொற்கள், சில போர்த்துக்கீசிய மாலுமிகளோடும் குருமாரோடும் கரையேறியவை. அகராதிகளிற் சிலவற்றைக் காணலாம். சிலவற்றைக் காணல் அரிது. இச்சொற்கள் எந்தெந்த வழக்கங்களைக் குறிக்கின்றன, அவ்வழக்கங்கள் ஊர் வாழ்வில் எவ்வாறு இடம்பெற்றன, அவற்றுட் சில தேய்ந்ததற்கும் சில நிலைத்ததற்கும் காரணம் யாது என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றோம். சமயக் கோட்பாட்டு ஆராய்ச்சி எம் நோக்கம் அன்று. ஒரு பெருவிழாவின் காலக்கணக்கு தமிழ் ஊரொன்றின் நாள்வாழ்வோடும் தமிழ்ச் சொல்லோடும் தமிழ்ப் பாட்டோடும் பொருந்திய வகையே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் 'பங்கு' என்னும் சொல்லைக் காண்போம். ஒரு குருவின் பொறுப்பில் விடப்பெற்ற ஊர்த்தொகுதியைத் தமிழ்க் கத்தோலிக்கர் பங்கு என்பர். அக்குரு பங்குச் சாமியார். இக்கால வழக்கிற் பங்குத்தந்தை. பகுதி, கூறு, உரிமை என்னும் பொருள்களிலேயே இச்சொல் பொது வழக்கில் நிற்கின்றது. நிலத்திற் பங்கு, நீரிற் பங்கு, பங்காளி என்னும் ஆட்சிகளை யாவரும் அறிவர். திருச்சபையின் ஒரு கூறு என்னும் கருத்திற் குருமார் இதனை ஆண்டிருக்கலாம். ஆனால் ஊரார் அதனை விளங்கிக்கொண்டது தம் உரிமை என்னும் பொருளில் என்பது எம் துணிபு. விழாச் செலவுக்குத் தலைக்கட்டு வரி கொடுப்பவன் விழாவில் தனக்குரிய மரியாதையைக் கேட்கின்றான். செலவிற் பங்குடையான் சிறப்பிலும் பங்குடையான் என்பது தமிழ் ஊர்களின் பழைய நெறி. கோயில் எச்சமயத்ததாயினும் இந்நெறி மாறியதில்லை. இதன் நன்மையும் தீமையும் பெரிய வாரத்தில் தெளிவாகப் புலப்படும். பாடுபட்ட சுரூபத்தை யார் தோள்கொடுத்துச் சுமப்பது, எத்தெரு வழியே அது செல்வது என்னும் வினாக்கள் பல ஊர்களில் வழக்குமன்றம் வரை சென்றதுண்டு. வடக்கன்குளத்துக் கோயிலில் இரு சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பெற்றது. அதன் பின்னரும் பூசல் பல ஆண்டுகள் நீடித்தது. பங்கு என்னும் சொல்லினுள் உரிமையும் பிரிவினையும் ஒருங்கே அடங்கியிருத்தலை ஆய்வாளர் மறத்தல் ஆகாது.

தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்குகின்றது. அன்று தொட்டு உயிர்ப்பு ஞாயிற்றின் முந்தின நாள் வரை 46 நாள்கள். அவற்றுள் ஞாயிற்றுக்கிழமைகள் 6. அவற்றை நீக்க எஞ்சுவன 40 நோன்பு நாள்கள். உயிர்ப்பு ஞாயிறு நிலவின் கணக்கைத் தழுவியதாதலின் மார்ச்சு 22க்கும் ஏப்பிரல் 25க்கும் இடையே ஆண்டுதோறும் மாறும். ஆகவே திருநீற்றுப் புதனும் பிப்பிரவரி 4க்கும் மார்ச்சு 10க்கும் இடையே, அஃதாவது இக்காலக் கணக்கில் தைத் திங்களின் பிற்பகுதிக்கும் மாசித் திங்களின் பிற்பகுதிக்கும் இடையே, அமைகின்றது. பிப்பிரவரி 4 என்னும் முதல் எல்லையில் அது வருதல் மிக அரிது. அவ்வாறு வந்த ஆண்டுகளுள் ஒன்று 1693. அந்நாளிலேதான் அருளானந்தர் எனத் தமிழ்ப்பெயர் பூண்ட ஜான் தெ பிரித்தோ மறவர் நாட்டு ஓரியூரில் தலைவெட்டுண்டு இறந்தார். அவரைப் போற்றும் தமிழ்க் கத்தோலிக்கர்க்கு நீற்றுப் புதனும் ஓரியூரும் ஒன்றையொன்று நினைவூட்டுவன.

தை மாதம் மணவினைக்கு ஏற்ற காலம் எனத் தமிழர் அனைவரும் கொள்வர். தவக்காலத்தில் ஆடம்பரத் திருமணம் கூடாது என்பது திருச்சபையின் பழைய ஒழுங்கு. எனவே நீற்றுப் புதன் முற்பட வரும் ஆண்டுகளில் கத்தோலிக்க ஊர்களில் தைத் திருமணங்கள் நெருங்கி நிகழும். கோயில் நாட்காட்டியைப் பார்த்த பின்னரே பந்தற்கால் நடுநாள் குறிப்பர்.

இனி, அந்நாளின் பெயரை நோக்குவோம். மூத்தோர் வழக்கில் அது 'விபூதிப் புதன்'. பின்னர்த் 'திருநீற்றுப் புதன்' எனத் தமிழ்ப்படுத்தப்பெற்றது. 'சாம்பற் புதன்' என்பாரும் உளர். இப்பெயர்கள் மூன்றும் ஒரு பொருளன எனினும் ஒரு நிறையன அல்ல. விபூதி என்னும் வடசொல் ஆற்றல், செல்வம், மேன்மை என்னும் பொருள்களைத் தருவது. நீறு சுட்டது என்பதனைக் காட்டுவது. திரு என்னும் அடை பெற்றதும் அது சைவர் நெற்றியிலுள்ள நீற்றையே நினைப்பிக்கும். சாம்பல் என்பதோ அடுப்பங்கரைச் சொல். எரிந்தழிந்ததன் எச்சம் என்பதற்கு மேல் எதனையும் அது சொல்லாது. சைவர்க்கு நீறு மலம் நீங்கிய தூய்மையின் அடையாளம். கத்தோலிக்கர் அன்று இட்டுக்கொள்ளும் நீறு மண்ணினின்று வந்த மனிதன் மண்ணுக்கே மீள்வன் என்பதனையும், செய்த தீவினைக்கு வருந்துதலையும் குறிப்பது. பொருள் இத்துணை வேறுபட்டிருந்தும் சொல் சைவ வழக்கிலிருந்தே எடுக்கப்பெற்றது.

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. பசுஞ்சாணத்தைச் சுட்டெடுத்த நீற்றைக் கிறித்தவர் பூசலாகாது என்று போப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704இல் ஆணையிட்டார். மதுரை மறைபரப்புக் குருமார் தமிழ் வழக்கங்கள் பலவற்றிற்கு இடங்கொடுத்தமையை எதிர்த்து எழுந்த நெடும்பூசலின் ஒரு பகுதி அது. ஆணை நீற்றைத் தடுத்தது. நீற்றின் பெயரைத் தடுக்க அதனால் இயலவில்லை. விலக்கப்பட்ட பொருளின் பெயரே திருச்சபையின் நோன்புத் தொடக்க நாளுக்கு இருநூறு ஆண்டுகட்கு மேலாக வழங்கி வந்தது. சொல்லை ஆளுவோர் மக்களேயாவர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அந்நீறு செய்யும் முறையும் அறியத்தக்கது. முந்தின ஆண்டுக் குருத்து ஞாயிற்றில் மந்திரித்துக் கொடுக்கப்பெற்ற ஓலைகளை எரித்தே அது பெறப்படும். எருசலேமில் ஏந்தியவை பேரீந்தின் மடல்கள் என்பர். மேலைநாடுகளில் ஒலிவக்கிளை முதலியவற்றை ஏந்துவர். தமிழர்க்குக் கிடைத்தது தென்னங்குருத்து. மங்கலத்துக்கும் அமங்கலத்துக்கும் தோரணமாக வெவ்வேறு வகையிற் கட்டப்பெறுவது அது. ஊர்த்தெய்வ விழாக்களிலும் அதற்கு இடமுண்டு. அதனாலேயே அந்த ஞாயிறு 'குருத்தோலை ஞாயிறு' ஆயிற்று. ஓலையைக் கிழித்து முடைந்து சிறு சிலுவையாக்கிப் படங்களின் பின்னே செருகி ஓராண்டு வைத்திருப்பர். உலர்ந்த அவ்வோலை மறு ஆண்டு தவக்காலத் தொடக்கத்திற் கோயிலுக்கு மீண்டு நீறாகின்றது.

'ஒருசந்தி' என்பது நோன்பைக் குறிக்கும் சொல். சந்தி என்பது பொழுதுகள் கூடும் வேளை. சிறுகாலைச் சந்தி என்றாற்போலக் கோயில் வழிபாட்டு வேளைகளைக் குறிக்க இச்சொல் சோழர் கல்வெட்டுகளில் ஆளப்பெற்றுள்ளது. ஒரு வேளை மட்டும் உண்ணுதல் ஒருசந்தி. இது கத்தோலிக்கர் புதிதாகப் படைத்த சொல் அன்று. இந்துக்களும் தம் நோன்புகளுக்கு இதனை வழங்குவர். நாளில் ஒருமுறை நிறையவுண்ணல் என்னும் திருச்சபை ஒழுங்குக்கு இதனினும் பொருத்தமான சொல் கிடைத்தல் அரிது. 'சுத்தபோசனம்' என்பது இறைச்சி விலக்கல். இதில் மீனுக்கு விலக்கில்லை. கடற்கரை ஊர்களில் இந்நோன்பு அத்துணைக் கடுமையுடையதன்று என உள்நாட்டார் நகையாடுவதுண்டு. கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டிய திருவிழாக்களைக் 'கடன் திருநாள்' என்பர். இதில் வரும் கடன் கொடுத்து வாங்கும் கடன் அன்று. கடமை என்னும் சங்ககாலப் பொருளிலேயே அது நிற்கின்றது. நகர்ப்புறப் பேச்சில் அப்பொருள் அருகிவிட்டது. கோயில் வழக்கு அதனைப் பேணிவைத்தது.

1966 பிப்பிரவரித் திங்களில் போப்பரசர் ஆறாம் பவுல் நோன்பொழுங்கைத் தளர்த்தி, திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய நாள்களையே கட்டாய ஒருசந்தி நாள்களாக வரையறுத்தார். நாற்பது நாளும் ஒருசந்தி காத்த தலைமுறை மறைய, சொல்லும் உடன் மறையத் தலைப்பட்டது. இளையோர் 'உபவாசம்' என்றோ 'நோன்பு' என்றோ கூறுவரேயன்றி ஒருசந்தி என்பாரில்லை. வழக்கம் சுருங்கச் சொல் தேயும் என்பது மொழிநூலார் அறிந்ததே. எனினும் நோன்பு நாளில் மிச்சம் பிடித்த அரிசியைப் பானையில் இட்டுச் சேர்க்கும் 'பிடியரிசி' வழக்கம் சில ஊர்களில் எஞ்சியுள்ளது. உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்து வைத்தல் பெண்டிரின் அறம். தவக்காலத்தில் அது ஏழையர்க்கெனக் கோயிலிற் சேர்க்கப்படும். அரிசிக்கு மாற்றாகக் காசிடும் உண்டியற்பெட்டி பிற ஊர்களில் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை நிகழும். பிரான்சிஸ்கு சபையாராற் பரவிய இவ்வழிபாட்டின் நிலைகள் 14 என 1731இல் போப்பரசர் பன்னிரண்டாம் கிளமெந்து வரையறுத்தார். பழைய தமிழ் மன்றாட்டு நூல்கள் ஒவ்வொன்றையும் 'ஸ்தலம்' என்றன. தமிழர் செவிக்கு ஸ்தலம் என்றவுடன் திருத்தலப் பயணம் நினைவுக்கு வரும். பதினான்கு தலங்களுக்கு முழந்தாளிட்டுச் செல்லும் சிறு யாத்திரையாகவே பாட்டிமார் அதனைக் கொண்டனர் எனலாம். 'நிலை' என்னும் இன்றைய மொழிபெயர்ப்புத் தூய தமிழே. ஆயினும் அந்த யாத்திரைக் குறிப்பு அதில் இல்லை. நிலை நிற்பது, தலமோ செல்வதற்குரியது. தமிழாக்கத்தால் ஓரிடத்து ஊதியமும் ஓரிடத்து இழப்பும் நேர்தல் இயல்பே.

இவ்விடத்துப் 'பாவசங்கீர்த்தனம்' பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை பாவங்களை அறிக்கையிட்டுப் பாஸ்காக் காலத்தில் நற்கருணை பெறல் வேண்டும் என்பது 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் விதித்த கடன். அதனால் தவக்காலத்தின் இறுதி வாரங்களில் ஊரெல்லாம் குருவின்பாற் சென்று திரளும். தமிழ் அச்சின் முதல் நூல்களுள் ஒன்று இத்தேவைக்கே எழுந்தது என்பது தமிழ் மாணவர் கருத்திற் கொள்ளத்தக்கது. புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரீக்கு அடிகள் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. அடுத்த ஆண்டே பாவ அறிக்கை செய்யும் முறையைக் கற்பிக்கும் 'கொம்பெசியொனாயரு' வெளிவந்தது. போர்த்துக்கீசியப் பெயரை அவ்வாறே தமிழெழுத்திற் பெயர்த்த இத்தலைப்பு அன்றைய பரவர் கடற்கரையின் மொழிநிலையைக் காட்டும். பின்வந்த மதுரைக் குருமார் வடசொல்லை நாடினர். சங்கீர்த்தனம் என்பது புகழ்ந்து பாடுதல். இறைவன் பெயரைச் சங்கீர்த்தனம் செய்யும் நாட்டில் பாவத்தைச் சங்கீர்த்தனம் செய்தல் என்னும் தொடர் முரண்பட்டதாகத் தோன்றலாம். வாய்விட்டுச் சொல்லுதல் என்னும் அடிப்பொருளை மட்டும் அவர்கள் கொண்டனர் போலும். இன்று 'ஒப்புரவு' என்பர். திருக்குறள் அதிகாரத் தலைப்பாய் உதவும் பண்பைக் குறித்த அச்சொல், இறைவனோடு மீண்டும் ஒன்றுபடுதல் என்னும் புதுப்பொருளை ஏற்றுள்ளது.

குருத்தோலை ஞாயிறு தொடங்கிப் பெரிய வாரம். இலத்தீனில் இதற்குப் பெரிய வாரம் என்னும் பொருளுடைய பெயரே பழங்காலந்தொட்டு வழங்கியது. தமிழ் அதன் நேர்ப்பெயர்ப்பு. பெரிய வியாழன், பெரிய வெள்ளி, பெரிய சனி என்பன இவ்வழியே வந்தன. மலையாளத்தார் அவ்வெள்ளியைத் துக்கவெள்ளி என்பர். புனித வெள்ளி என்பது தமிழில் பிற்காலத்து வழக்கு. பெரிய வியாழனன்று வானவர் கீதம் பாடியபின் கோயில் மணிகள் ஓய்ந்துவிடும். அதன்பின் பெரிய சனி இரவு வரை மரக்கட்டையைத் தட்டியே ஊரை அழைப்பர். வெண்கல ஓசைக்குப் பழகிய ஊருக்கு அவ்வறண்ட மரவொலி சாவின் ஒலியாகவே கேட்கும். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்வர். முத்தம் என்பதன் திரிபாகிய இம்முத்தி, வீடுபேறாகிய முத்தியோடு ஒலியில் ஒன்றுபட்டது. வழிபடுவோர் இரண்டையும் பிரித்துணர்ந்தனரோ என்பது ஐயமே. அன்று கோயில்களில் வருவோர்க்கெல்லாம் கஞ்சி வார்ப்பது பல ஊர்களின் வழக்கம்.

மாலையில் பாடுபட்ட சுரூபத்தைச் சிலுவையினின்று இறக்கித் தூம்பாவிற் கிடத்துவர். தூம்பா என்பது நீர் செல்லும் தூம்பு என்னும் தமிழ்ச் சொல்லோடு தொடர்புடையதன்று. பாடையையும் கல்லறையையும் குறிக்கும் தும்பா என்னும் போர்த்துக்கீசியச் சொல்லே அது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையூர்களில் இச்சொல் நன்கு வழங்கும். தூம்பாவைச் சுமந்து தெருவலம் வருங்கால் பாடப்பெறுவது ஒப்பாரி. தாய் தன் மகனைப் பறிகொடுத்து அழும் அழுகைக்குத் தமிழ்ப் பெண்டிர் புதிய இசை தேட வேண்டியதாயிற்றில்லை. தம் வீட்டுச் சாவிற்குப் பாடும் மெட்டிலேயே மரியாளின் புலம்பலையும் பாடினர்.

இவ்விடத்தில் எம் கருத்தொன்றைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். இவ்வொப்பாரியும் தூம்பாப் பவனியும் புலம்பற் பாடல்களும் திருச்சபையின் சடங்குநூலில் விதிக்கப்பெற்றவை அல்ல. பின், அவை இத்துணை ஓங்கி வளர்ந்தது ஏன்? தமிழரின் பத்தியுணர்ச்சி மிகுதி என்று விடை கூறிவிடுதல் எளிது. ஆனால் அது விளக்கம் ஆகாது. 1955 நவம்பர்த் திங்களில் போப்பரசர் பன்னிரண்டாம் பயசு காலத்தில் வெளியிடப்பெற்று மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒழுங்குக்கு முன், பெரிய வாரத்துச் சடங்குகள் காலை வேளையிலேயே நிகழ்ந்தன. வியாழக்கிழமைப் பூசை காலையில். வெள்ளிக்கிழமை வழிபாடு காலையில். உயிர்ப்பு விழாவின் திருவிழிப்புங்கூடச் சனிக்கிழமை காலையில் பகலொளியிலேயே நடந்தது. திருவிழிப்பை இரவில் நடத்தும் முறை 1951இல் சோதனையாகத் தொடங்கப்பெற்றது. அன்றியும் அச்சடங்குகள் இலத்தீன் மொழியில் நிகழ்ந்தன. ஆகவே ஊர் மக்களுக்கு இரு வெற்றிடங்கள் இருந்தன. ஒன்று, பொழுது வெற்றிடம்: துயரநாளின் பிற்பகலும் இரவும் சடங்கின்றிக் கிடந்தன. மற்றொன்று, மொழி வெற்றிடம்: அத்துயரின் கதை அவர்தம் மொழியில் ஓதப்பெறவில்லை. இவ்விரண்டையும் நிரப்பியனவே தமிழ்ப் புலம்பல்களும் பவனிகளும் பாஸ்குகளும் என்பது எம் துணிபு. இவை குருவின் பூசைக்குப் போட்டியாக எழுந்தவையல்ல. அது தொடாத பொழுதிலும் தொடாத மொழியிலும் முளைத்தவை.

இத்துணிபுக்கு மறுதலைச் சான்றும் உண்டு. 1956இற் சடங்குகள் மாலைக்கும் இரவுக்கும் மாறின. 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டுக் கொள்கைத் திரட்டு தாய்மொழிக்கு வாயில் திறந்தது. அப்பத்தாண்டிலேயே பூசை தமிழாயிற்று. பொழுதும் மொழியும் ஒருங்கே நிரம்பின. அதன் பின்னரே பல ஊர்களில் பெரிய வெள்ளி மாலைத் தூம்பாப் பவனி சுருங்கியது. இரவெல்லாம் பாடிய புலம்பல் ஒரு நாழிகையாயிற்று. தமிழ் கோயிலுள் நுழைந்தமையே கோயிற்புறத் தமிழ் மெலியக் காரணமாயிற்று. வத்திக்கான் சீர்திருத்தத்தைத் தமிழ்ப்பற்றால் வரவேற்றோர் இதனை எதிர்பார்த்திரார். அச்சீர்திருத்தம் வேண்டாததென்பது எம் கருத்தன்று. கேட்பவர்க்கு விளங்காத மொழியில் ஓதியதை மாற்றியது நன்றே. ஆயினும் அதற்குக் கொடுத்த விலையைக் கணக்கிடுதல் தமிழாய்வாளர் கடன்.

புலம்பல் இலக்கியம் என நாம் கூறுவதில் இருவேறு படிகள் உள. வீரமாமுனிவர் இயற்றிய 'அன்னை அழுங்கல் அந்தாதி' மேற்படியைச் சார்ந்தது. மகனை இழந்த மரியாளின் அழுகையை அந்தாதி யாப்பில் அமைத்த அந்நூல் கற்றோர்க்கு உரியது. அழுகையும் அந்தாதியும் பொருந்துவன என்பதனை அவர் உணர்ந்திருந்தார். ஓரடி முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்குதலால் துயரம் ஓய்வின்றிச் சுழல்கின்றது. கீழ்ப்படியைச் சார்ந்தன பெண்டிர் வாய்மொழி ஒப்பாரிகள்; ஆசிரியர் பெயர் இல்லாதவை. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது ஈழத்தில் வழங்கும் 'வியாகுலப் பிரசங்கம்'. கோவாவிற் பிறந்து 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெசு அடிகள் இதன் ஆசிரியர். சிங்களத்திலும் தமிழிலும் வல்ல அவர் இயற்றிய இந்நூல் உரைநடையாயினும் தவக்காலத்தில் இசையோடு ஓதப்பெற்றது. உரைநடை பாட்டாக ஓதப்பெறுதல் தமிழில் அருமை. பிரசங்கம் என்றால் குரு ஆற்றுவது. இதனையோ ஊரார் ஒருவர் மாறி ஒருவராக இராகம் கூட்டி வாசித்தனர்.

இது நேர்ந்தமைக்கு அரசியற் காரணம் உண்டு. 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர், குருமாரைத் துரத்தினர். கோவாவிலிருந்து மறைவாக வந்த ஓரத்தோரியன் குருமார், 1687இல் வந்த யோசேப்பு வாசு அடிகள் முதலாக, ஊர்விட்டு ஊர் ஒளிந்து சென்றனர். ஒரு குரு ஓரூருக்கு ஆண்டில் எத்துணை முறை வரவியலும்? பெரிய வெள்ளியன்று குரு இல்லாத ஊரே மிகுதி. அத்தகைய ஊரில் மூப்பர் கையிலிருந்த ஏடே குருவின் வாயாக நின்றது. குருவின் சொற்பொழிவை எழுதி, ஊரார் பாடுமாறு விட்டுச்சென்றமையின் அது பாட்டாயிற்று. முன்னர்க் கூறிய வெற்றிடக் கருத்து ஈழத்தில் இன்னும் கடுமையாகப் பொருந்துகின்றது. அங்கே வெற்றிடமாக இருந்தது குருபீடமே. தவக்காலத்தில் அங்குப் பாடப்பெறும் 'பசாம்' என்னும் துயரப்பாட்டின் பெயர், பாடுகளைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்ததெனக் கருத இடமுண்டு. சிங்களக் கத்தோலிக்கரிடையே வழங்கும் பசன் என்பதும் அதன் இனமே.

சீர்திருத்தச் சபையார் வழக்கு வேறு. அவர்கள் 'லெந்து நாள்கள்' என்பர். பெரிய வெள்ளியன்று நண்பகல் தொடங்கி மூன்று மணிநேரம் சிலுவைமீது கூறப்பெற்ற ஏழு வார்த்தைகளைப் பற்றிய அருளுரைகள் நிகழும். பெரு நாட்டு லிமா நகரில் இயேசு சபைக் குரு ஒருவர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய வழிபாடு அது. இன்று திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தச் சபையாரிடையே உரம்பெற்று விளங்குதல் வரலாற்றின் விளையாட்டு. உயிர்ப்பு ஞாயிறு விடியலில் கல்லறைத் தோட்டத்திற் கூடிப் பாடுதலும் அவரிடையே காணப்படும்.

பெரிய சனி இரவு புதுத்தீ மூட்டிப் பாஸ்காத் திரியை ஏற்றுவர். வானவர் கீதம் தொடங்கியதும் மணிகள் ஒலிக்கும், திரை விலகும், உயிர்த்த சுரூபம் வாணவெடியினிடையே மேலெழும். பல பங்குகளில் இதற்கெனப் பொறி அமைக்கும் தச்சர் உளர். அன்று மந்திரிக்கப்பெற்ற தீர்த்தத்தைக் குடங்களிலும் புட்டிகளிலும் வீட்டுக்குக் கொண்டு செல்வர். மந்திரித்தல், தீர்த்தம் என்னும் இரு சொற்களையும் புதிய மொழிபெயர்ப்புகள் விலக்கிவிட்டன. வீட்டு வழக்கு இன்னும் விட்டிலது.

பாஸ்கு எனப்படும் பாடுகளின் நாடகம் பல ஊர்களில் உயிர்ப்பு ஞாயிற்றுக்குப் பின்னரே நிகழ்கின்றது. உயிர்ப்பு விழாவைக் குறிக்கும் பாஸ்கா என்னும் சொல்லே பாடுகளின் நாடகத்துக்குப் பெயராயிற்று. சாவைக் காட்டும் கூத்துக்கு உயிர்ப்பின் பெயர். காலத்தைப் பற்றிப் பெயர் எழுந்தது எனக் கொள்ளின் முரண்பாடு நீங்கும். சிவகங்கை மாவட்டத்து இடைக்காட்டூர், புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர், கன்னியாகுமரி மாவட்டத்து இராசாவூர், மன்னாரைச் சார்ந்த பேசாலை ஆகிய ஊர்கள் இதனாற் பெயர்பெற்றவை. ஆவூரில் நாடகத்தை அடுத்துத் தேரோட்டமும் உண்டு. தவக்காலத்தில் கூத்தும் மேளமும் ஆகா என்னும் ஒழுங்கு இதற்கு ஒரு காரணம். அறுவடை முடிந்து களம் ஓய்ந்த சித்திரைக் காலத்தில் வெளியூர்ச் சுற்றத்தார் கூடுதற்கு எளிது என்பது மற்றொன்று. இப்பெயர்ச்சியே பாஸ்குவைக் காத்தது என்பது எம் கருத்து. பெரிய வெள்ளியின் மாலையை நம்பியிருந்த தூம்பாப் பவனி அம்மாலை பறிபோனதும் மெலிந்தது. உயிர்ப்புக்குப் பின்னுள்ள இரவைத் தனதாக்கிக்கொண்ட பாஸ்குவை எச்சீர்திருத்தமும் தொடவில்லை.

ஈழத்தில் 'உடக்குப் பாஸ்' என ஒன்றுண்டு. உடக்கு என்பது பாவையுடல். இயேசுவின் வேடத்தை மனிதர் புனைதல் தகாது எனக் கருதிய பழையோர், அசையும் சுரூபங்களைக் கொண்டே பாடுகளைக் காட்டினர். பின்னர் மனிதர் நடிக்கத் தொடங்கினர். 1965இல் யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகள் நிறுவிய திருமறைக் கலாமன்றம் அம்மரபைப் புதிய அரங்குக்குக் கொண்டுவந்தது; போர்க்காலத்திலும் அதன் பணி நின்றுவிடவில்லை. மனிதர் நடிக்கும் இடங்களில் இயேசுவாக வருவோர் நோன்பிருத்தல் வழக்கம். கூத்தில் தெய்வ வேடம் புனைவோர் காப்புக் கட்டி நோன்பிருத்தலோடு இதனை ஒப்பிடலாம்.

பாஸ்கு நாடகங்களின் மூலபாடம் பற்றி ஒன்று சொல்லி நிறுத்துகின்றோம். பெரும்பாலானவை அச்சேறியவை அல்ல. அண்ணாவியார் குடும்பங்களிலும் கோயிற் பெட்டிகளிலும் ஏடாகவும் கையெழுத்துப் புத்தகமாகவும் கிடக்கின்றன. ஒவ்வோர் ஆண்டு நடிப்பிலும் பாட்டு சேரும், உரையாடல் நீளும்; மூத்த நடிகர் ஒருவர் இறப்பின் அவர் பாடிய விருத்தம் அவரோடு போதலும் உண்டு. ஒரு நாடகத்தின் படிகள் இரண்டு கிடைப்பின் அவை ஒத்திருத்தல் அரிது. யூதாசின் புலம்பல், பிலாத்துவின் மனைவி கண்ட கனவு போன்ற பகுதிகளில் வேறுபாடு மிகும் என எதிர்பார்க்கலாம். மூல நற்செய்தியில் ஓரிரு வரியாக அமைந்தவற்றையே ஊர்ப்புலவர் விரிப்பர். பட்டமேற்படிப்பு மாணவர் ஓரூரின் படிகளை மட்டும் எடுத்துப் பாடவேறுபாடுகளைத் தொகுப்பினும் அஃது ஓராண்டுப் பணியாகும். அவர்கள் ஏட்டைத் தேடிச் செல்லும்போது பாடுவாரையும் உடன் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும்; ஏட்டில் 'தரு' என்று மட்டும் குறித்து மெட்டைக் குறியாத இடங்களே பல.